ஃ எழுத்துக்கு ஓர் அலமாரி

தெருவில் எல்லோரும் அவரை அகராதி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் கூப்பிடும்போது அதற்கு ஓர் அர்த்தம், அவர் தலை மறைந்த பிறகு வேறோர் அர்த்தம். நேரில் என்றால், வாழ்நாள் முழுக்க நூலகத்தில் புத்தகங்களை அகர வரிசையில் அடுக்கிவைத்தவர் என்ற மரியாதை. முதுகுக்குப் பின்னால் என்றால், ‘அகராதி பிடித்த மனுஷன்’ என்பதன் சுருக்கம். இரண்டுமே பொய்யில்லை என்பது அவர் மனைவியின் கருத்து. ஆனால் அந்த அம்மாள் அதை வெளியே சொன்னதில்லை. டெலிபோன் ஆபீசின் புகார் பிரிவில் உட்கார்ந்து ஊரார் கோபத்தையெல்லாம் காதில் வாங்கியவர் அவர். கத்துகிறவர் கத்தி முடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது, முடித்த பிறகு பெரும்பாலும் அவருக்கே ஒரு வழி தோன்றும் என்பது அவருடைய அனுபவம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அகராதி சாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதலில் சமையலறையில் புகுந்தார். ஒரு நாள் அந்த அம்மாள் சீனி டப்பாவைத் தேடிப் போனபோது, சீரகத்துக்குப் பக்கத்தில் சீப்பு இருந்தது.

“ஏங்க, தலை சீவுற சீப்பு இங்க எதுக்கு?”

“சீப்பு, சீரகம், சீனி. அதான் வரிசை. இனிமே நீ எதையும் தேடவே வேண்டாம்.”

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. சீப்பை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு, “கார் ஷெட்டு பாவம், கேக்க நாதியில்லாம கெடக்கு. உங்கள மாதிரி ஒருத்தர் கை வெச்சாத்தான் அது உருப்படும்” என்றார். சமையலறை தப்பித்தது. கார் ஷெட் மாட்டிக்கொண்டது.

அதன் பிறகு ஷெட்டில் நடந்ததை ஒரு தவம் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று சுவரிலும் மரத்தட்டுகள் ஏறின. கூரைக்குக் கீழே ஓடிய மேல் தட்டு முழுக்க உயிரெழுத்துகளுக்கு. உயிர் என்றால் உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம். ஆகவே அரவை மெஷின், ஆணி மூட்டை, மருமகன் எப்போதோ உடம்பு தேற்ற வாங்கி விட்டுப்போன இரும்புக்குண்டு என்று வீட்டிலேயே கனமான சாமான்கள் எல்லாம் தலைக்கு மேலே போய் உட்கார்ந்தன. தலையணை, துணி மூட்டை, பஞ்சு எல்லாம் கீழே. ஏணியும் மேலேதான், ஏகாரம் அல்லவா. ஏணியை எடுக்க ஏணி வேண்டியிருந்தது. அதற்கு அவர் நாற்காலியின் மேல் முக்காலியைப் போட்டு ஏறினார்.

ஔ என்ற எழுத்துக்கு வைக்க வீட்டில் ஒன்றுமே அகப்படவில்லை. யோசித்து யோசித்து, மருந்துப் பெட்டியின் மேல் ‘ஔடதம்’ என்று எழுதி ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்குக் காயம்பட்டாலும் முதலில் தமிழ் ஞாபகத்துக்கு வர வேண்டும். அதற்கடுத்த ஃ எழுத்துக்கு ஒரு சின்ன இரும்பு அலமாரியைச் சுவரில் அறைந்து பூட்டும் போட்டார். உள்ளே ஒன்றும் இல்லை. அந்த எழுத்தில் எந்தச் சாமானும் தொடங்காதே. ஆனாலும் அதற்கான இடம் இருந்தே ஆக வேண்டும் என்றார்.

சமையலறையிலிருந்து ஷெட்டுக்குள் போக ஒரு கதவு இருந்தது. தட்டு அடிக்க இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது? ‘க’ வரிசையில் வைத்தார். கதவு அங்கே கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவில் மிக ஒழுங்காகச் சாய்ந்து நின்றது. கார் மட்டும் வெளியே, வேப்பமரத்தடியில், காக்கைகளின் அன்பளிப்பை வாங்கிக்கொண்டு நின்றது.

“காருக்குன்னு கட்டின ஷெட்டுல கார் ஒண்ணுதான் இல்ல” என்றார் அந்த அம்மாள், யாரிடமும் இல்லாமல்.

இந்த நிலையில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. வெளியூரில் இருப்பவள். பிரசவமும் அங்கேயே ஆனது. பேத்தியை அகராதி சார் இதுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறார். குழந்தை இப்போது தவழ ஆரம்பித்துவிட்டது. வருகிற சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வந்து சில நாள் தங்கப்போவதாக மகள் சொன்னாள். அகராதி சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில், போனைத் தூக்கிக்கொண்டு, “இரும்மா, ஷெட்ட காட்டறேன்” என்று கிளம்பினார். மனைவி, “அத அவங்க வந்தப்புறம் பாத்துக்கட்டுமே” என்று மெல்லச் சொன்னது அவர் காதில் விழவில்லை.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்பா, கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த பாட்டில்ல என்ன?”

“எலுமிச்சைச் சாறு. அம்மா பிழிஞ்சு வெச்சது.”

“பக்கத்து பாட்டில்ல?”

“எலிமருந்து.”

மறுமுனையில் சத்தமில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் விளக்கினார். “எலி, எலு. ‘லி’ முடிஞ்சா ‘லு’. நடுவுல ஒரு சாமான் நுழைய முடியாது பாத்துக்க.”

“கீழ தின்னரா அது? பெயின்ட்ல கலப்பாங்களே?”

“ஆமா. அதுக்கடுத்தது தீப்பெட்டி. அதுக்கடுத்தது தீயணைப்பான். எப்படி வந்து அமைஞ்சிருக்கு பாரு. பத்திக்கறது, பத்தவெக்கறது, அணைக்கறது எல்லாம் பக்கத்துல பக்கத்துல. நானா வெச்சேன்? தமிழே வெச்சிருக்கு.”

“அப்பா, அந்தக் கதவு எங்க?”

“‘க’ வரிசையில.”

மகள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தும் என்ன, அந்த ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்டது. பாப்பா இப்போது எதைக் கண்டாலும் வாயில் போட்டுக்கொள்கிறாள். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த அறையில் இருக்கிறாள். கதவில்லாத அந்த ஷெட் அப்படியே இருக்கும்வரை அவளை வீட்டுக்குக் கூட்டிவர முடியாது. வந்தால் ஹோட்டலில் தங்கிக்கொள்கிறோம், நீங்கள் அங்கே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

“என் வீட்டுக்கு வர்றதுக்கு என்கிட்டயே நிபந்தனையா?” என்று அகராதி சார் எகிறினார். “ஒரு சாமான் இடம் மாறாது. வேணும்னா எழுத்த பெருசா எழுதி ஒட்டறேன்.”

“அப்பா, பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது” என்றாள் மகள். போன் நின்றது.

மனைவி ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அகராதி சார் கடவுள் நம்பிக்கை உள்ளவர். காலையில் எழுந்ததும் கண்ணை மூடி, வேண்டியவர்களுக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் மறுவேலை. அதிலும் வரிசை உண்டு. அண்டை வீட்டார், உறவினர், நண்பர், பேத்தி, மகள், மருமகன், மனைவி. மனைவி கடைசியில் வருவது ‘ன’கரத்தின் குற்றமே தவிர அவர் குற்றம் இல்லை. மறுநாள் காலை அவர் கண்ணை மூடியபோது, வாய் தானாக, “பேத்தி” என்று தொடங்கிவிட்டது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். மறுபடி மூடி, அண்டை வீட்டாரிலிருந்து ஆரம்பித்தார். அண்டை வீட்டார் முடியுமுன்னே மறுபடியும் பேத்தி வந்து குறுக்கே தவழ்ந்தாள். இதையெல்லாம் கேட்கிறவர் வரிசை பார்க்கிறவர் இல்லை என்பது அவருக்கு அப்போது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. மனசு சரியில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் அட்டைகள் எழுத ஷெட்டுக்குப் போனார்.

அங்கேதான் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வந்து நின்றார். அவருடைய கிளினிக் வாசலில் பலகையால் செய்த பெரிய பல் ஒன்று தொங்கும்.

“சார், போர்டுல பல்லு ஆடுது. ஏணி குடுத்தா ஏறி இறுக்கிட்டு வந்துடுவேன்.”

“புடுங்கிடறதுதானே உங்க வழக்கம்?”

“சொந்தப் பல்லு சார். மனசு வரல.”

நாற்காலி வந்தது. அதன் மேல் முக்காலி ஏறியது. அதன் மேல் அகராதி சார் ஏறினார். டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில், “பயப்படாதீங்க, ஒண்ணுமே தெரியாது” என்றார்.

ஏணி நீளமானது. ஒரு முனையை இழுத்தால் மறுமுனை எங்கே போகிறது என்று தெரியாது. ஏகாரத்தில் அவர் இழுக்க, அது ஆகாரத்தில் போய் இடித்தது. ஆணி மூட்டையை எலி ஏற்கெனவே கொறித்து வைத்திருந்தது. எலிமருந்து பத்திரமாக மூடிய பாட்டிலில் இருந்ததால் எலிக்கு அது தெரிய வாய்ப்பில்லை. மூட்டை கிழிந்தது. ஷெட்டுக்குள் ஆணி மழை பெய்தது. டாக்டர் ‘த’ வரிசையிலிருந்து ஒரு தலையணையை உருவித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அரவை மெஷின் தட்டின் ஓரத்துக்கு வந்து, எட்டிப் பார்த்து, நல்லவேளையாக மனம் மாறி அங்கேயே நின்றது.

மழை ஓய்ந்ததும் டாக்டர் ஒரு காலைத் தூக்கினார். கட்டைவிரலில் ஓர் ஆணி குத்தியிருந்தது.

“சார், மருந்து எங்க?”

“ஔடதம்” என்றார் அகராதி சார் முக்காலியின் மேலிருந்து.

“அதான் சார், மருந்து.”

“ஔடதம்னா மருந்துதான். ஔ வரிசை. மேல.”

“சார், எனக்கு இப்ப ரத்தம் வருது. கொஞ்சம் கொச்சைத் தமிழ்ல இருந்தா எடுத்துக் குடுங்களேன்.”

ஒருவழியாகப் பெட்டி இறங்கியது, கட்டும் போட்டாயிற்று. டாக்டர் தனக்குத் தானே ஓர் ஊசியும் பரிந்துரைத்துக்கொண்டார். அவர் அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தரையெங்கும் ஆணி கிடக்க, வயதான மனிதர் ஒருவர் அதன் நடுவில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போக அவருக்குக் கால் வரவில்லை. குத்துப்பட்ட காலே வரவில்லை என்றுகூடச் சொல்லலாம். “நானும் பொறுக்கறேன் சார்” என்று கையை ஊன்றித் தவழ ஆரம்பித்தார். அகராதி சார் ‘கா’ வரிசையிலிருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் தவழ்ந்தார்.

தன்னுடைய ஷெட்டை அவர் அந்த உயரத்திலிருந்து அதுவரை பார்த்ததே இல்லை.

ஆணி பொறுக்கிக்கொண்டே போனவரின் மூக்குக்கு நேரே, கடைசித் தட்டில், சிவப்பாக ஒரு ரப்பர் பந்து இருந்தது. மகள் சின்ன வயசில் விளையாடியது. தூசி தட்டிப் பேத்திக்கென்று அவரேதான் எடுத்து வைத்திருந்தார். அதன் சிவப்பு பார்க்கப் பார்க்க நன்றாயிருந்தது. அவரையும் அறியாமல் கை நீண்டது. பந்தைத் தாண்டி உள்ளங்கை எதன்மேலோ உரச, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ரப்பர் பந்து. அடுத்தது ரம்பம்.

டாக்டர் தலையை நீட்டிப் பார்த்தார். “பல்லெல்லாம் நல்ல கூர்மையா இருக்கு சார். ஒரு சொத்தை இல்ல” என்றார். அகராதி சார் சிரிக்கவில்லை. கையில் கீறல்கூட இல்லை, ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

அவர் அப்படியே தவழ்ந்தபடி திரும்பினார். வலப்பக்கம் பிஸ்கட் டின். மூடியில் பூனைக்குட்டிப் படம் போட்ட, எந்தக் குழந்தைக்கும் கை நீளக்கூடிய டின். அதை ஒட்டி, தோள்மேல் தோள் போட்ட சிநேகிதன் மாதிரி, பினாயில் பாட்டில். கொஞ்சம் தள்ளித் தின்னர், தீப்பெட்டி. அதற்கப்பால் பெட்ரோல் கேன், அதுவும் மூடி சரியாக இல்லாமல். எல்லாமே அவர் கண்ணுக்கு நேராக, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. இந்த உயரத்தில் ஓர் எழுத்துகூடக் கண்ணில் படவில்லை. அட்டைகள் எல்லாம் நிற்கிற மனுஷருக்காக எழுதப்பட்டவை.

அவர் ஆணிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு வந்த மனைவி, கதவில்லாத வாசலில் நின்று இருவரையும் பார்த்தார். “பாப்பா வர்றதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் தவழப் பழகிட்டீங்களா?”

அகராதி சார் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஒரு புகார் குடுக்கணும்” என்றார்.

அந்த அம்மாள் அந்தக் குரலைக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய ஆபீஸ் குரலில், “வணக்கம், சொல்லுங்க. என்ன புகார்?” என்றார்.

“இந்த ஷெட்ட அடுக்கினவன் மேல.”

“பதிவு பண்ணிக்கிட்டேன். வேற ஏதாவது?”

“அவனுக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அதையும் எழுதிக்கோ. அகர வரிசைய கலைச்சுட்டா அப்புறம் அவன் காலைல எழுந்து என்ன பண்ணுவான்னும் தெரியல.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தேய்ந்தது. பல் டாக்டர் ஓர் ஆணியை மிகவும் அக்கறையாக ஆராய ஆரம்பித்தார்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அந்த இடத்தில் அந்த அம்மாள், “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்திருக்கலாம். சொல்வதற்கு நிறைய இருந்தது, சீப்பிலிருந்தே தொடங்கலாம். விழுந்தவரை இன்னொரு தள்ளு தள்ளுவது மிகச் சுலபமான காரியம். தூக்கிவிடுகிறோம் என்றே தெரியாதபடி தூக்கிவிடுவதுதான் கஷ்டம், அதற்குக் கடவுள் அந்த அம்மாளுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தார்.

“யாருங்க கலைக்கச் சொன்னது?” என்றார் அவர். “எனக்கு ஒரு சந்தேகம். அந்த மூலையில ஒரு இரும்பு அலமாரி பூட்டிக் கெடக்கே, அது எந்த எழுத்து?”

“அது ஃ. அதுல ஒண்ணும் தொடங்காது.”

“ஃபேன்?” என்றார் டாக்டர் ஆவலாக.

“மின்விசிறி. ‘மி’.” பாதி உயிர் போன நிலையிலும் அவர் அதை விடவில்லை.

“ஃபினாயில்?” என்றார் மனைவி.

“பினாயில். ‘பி’ வரிசைல போட்டாச்சு.”

“நீங்க ‘பி’ போட்டிருக்கீங்க. பாட்டில்ல என்ன போட்டிருக்கான்னு பாத்தீங்களா?”

அகராதி சார் தவழ்ந்து போய் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். ‘ஃபினாயில்’ என்றுதான் அச்சடித்திருந்தது. மூன்று புள்ளியும் கொட்டை கொட்டையாக. நூலகத்தில் அவர் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி, ஒரு புத்தகத்தின் பெயரை அதன் முகப்பில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பதிய வேண்டும், உன் இஷ்டத்துக்குத் திருத்தக்கூடாது என்பது. தானே அந்த விதியை மீறியிருக்கிறார்.

“தப்பா பதிஞ்சிருக்கேன்” என்றார் மெதுவாக. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தலை நிமிர்ந்தார். “ஏம்மா, அந்த எழுத்துக்கு ஆய்தம்னு ஒரு பேரு இருக்கு. இன்னொரு பேரு என்ன தெரியுமா?”

அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தெரியாதென்றுதான் சொல்லியிருப்பார்.

“தனிநிலை. எதோடயும் சேராம தனியா நிக்கறது. அப்ப, எதெல்லாம் தனியா நிக்கணுமோ, அதெல்லாம் அங்கதானே போகணும்?” அவர் எழுந்து நின்றுவிட்டார். முட்டியில் ஒட்டியிருந்த ஆணிகள் சலசலவென்று உதிர்ந்தன. “எலிமருந்து தனிநிலை. தின்னர் தனிநிலை. ரம்பம் தனிநிலை. டாக்டர், எந்திரிங்க, வேலை இருக்கு.”

“சார், என் பல்லு?”

“அது ஆடட்டும்.”

அன்று முழுக்க ஷெட்டில் ஒரே அமர்க்களம். எலிமருந்தும் தின்னரும் ஃபினாயிலும் ஃ அலமாரியின் மேல்தட்டில் போய்ப் பூட்டுக்குள் உட்கார்ந்தன. ரம்பத்துக்கும் கத்திகளுக்கும் அதே அலமாரியின் அடித்தட்டு. உற்சாகத்தில் அவர் தீப்பெட்டியையும் அங்கேயே வைக்கப் போனார். “தின்னரையும் தீப்பெட்டியையும் ஒரே பூட்டுல போட்டுப் பூட்டறதுக்கு, வெளியவே விட்டிருக்கலாம்” என்று மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சமையலறையில், அதுவும் உயரத்தில் வைத்தார். புல்வெட்டும் மெஷின் செத்துப்போய்ப் பல நாளாகியும் அதன் பெட்ரோல் மட்டும் உயிரோடு இருந்ததை, டாக்டர் நொண்டிக்கொண்டே கொண்டுபோய்த் தெருக்கோடி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வந்தார். எலுமிச்சைச் சாறு ஃப்ரிட்ஜுக்குப் போனது, பிஸ்கட்டை டாக்டரும் அவரும் சேர்ந்து தின்றுவிட்டார்கள்.

கனமான சாமான்களைக் கீழே இறக்குவதில்தான் சிக்கல். அரவை மெஷின் ‘அ’வில் இருந்து எப்படி இறங்கும்? அகராதி சார் நெற்றியைச் சொறிந்தார். பிறகு, நூலகப் பதிவேட்டில் ஆசிரியர் பெயரைத் திருப்பிப் போடுகிற மாதிரி, ‘மெஷின், அரவை’ என்று எழுதினார். அது ‘மெ’ வரிசையில் தரையோடு தரையாக உட்கார்ந்தது. ‘குண்டு, இரும்பு’ கீழே வந்தது. ஏணி, ‘மர ஏணி’ ஆனது. மருந்துப் பெட்டியில் ஔடதத்தைக் கிழித்துவிட்டு ‘மருந்து’ என்று எழுதும்போது மட்டும் மேலே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஔ தட்டு காலியாகிவிட்டதே.

“பரவால்ல” என்றார் மனைவி. “ஃ காலியா இருந்தது இத்தனை நாள். இப்ப ஔ ஓய்வெடுக்கட்டும்.”

கடைசியாகக் கதவு, ‘க’ வரிசையிலிருந்து விடுதலையாகித் தன் கீல்களுக்கே திரும்பியது. தீயணைப்பானை அதன் ஓரத்தில் மாட்டி, ‘கதவோரத் தீயணைப்பான்’ என்று அட்டை ஒட்டினார். ‘க’ வரிசைக்கு ஏற்பட்ட நஷ்டம் அதில் சரியாயிற்று.

சனிக்கிழமை மகள் மருமகனோடு வந்தாள். ஆனால் பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி நேராக ஷெட்டுக்குத்தான் போனாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். தரையில் குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள். அங்கே பந்தும், ஒரு பாயும், துணி மூட்டையும், குழந்தையால் அசைக்க முடியாத கனமான சாமான்களும் மட்டும் இருந்தன. அகராதி சார் பரீட்சை எழுதிய பையன் மாதிரி சுவரோரம் நின்றார். தங்குவார்களா, ஹோட்டலுக்குப் போவார்களா என்பது அவள் உதட்டில் இருந்தது.

“அந்த அலமாரி?”

“ஃ.”

“அப்பா, அதுல எந்த வார்த்தையும் தொடங்காதுன்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

“தொடங்காது. எதுவும் தொடங்கிடக்கூடாதுன்னுதான் அதுல வெச்சிருக்கேன்.”

மகளின் உதடு லேசாகத் துடித்தது. அவள் அதை அடக்கிக்கொண்டாள். “சாவி எங்க?”

அகராதி சாரின் முகம் மாறியது. “சாவி… ‘சா’ வரிசைலதான்.”

மூவரும் ‘சா’ வரிசையைப் பார்த்தார்கள். அது குழந்தைகூட எட்டும் உயரத்தில், சாக்குப்பைக்கு அடுத்து இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

“காணோமே” என்றார் அவர், சாக்குப்பையைத் தூக்கிப் பார்த்து.

“தேடாதீங்க” என்றார் மனைவி, கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டி. சாவி அதில் தொங்கியது. “நேத்தே இடம் மாத்திட்டேன். இது இனிமே ‘ம’ வரிசை.”

“‘ம’வா?”

“மனைவி.”

மகள் அப்போதுதான் சிரித்தாள். போனில் பாதியில் நின்ற சிரிப்பின் மிச்சமும் சேர்ந்து வந்தது. “கார்ல பெட்டி இருக்குப்பா. எடுத்துட்டு வரச் சொல்லுங்க அவர” என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்” என்றாள்.

“இல்லம்மா. நீ பேசினது சரியான எடத்துலதான் போய் உக்காந்துது” என்றார் அகராதி சார்.

குழந்தை அவர் கைக்கு மாறியது. திரையில் பார்த்ததைவிட அது கனமாக இருந்தது, திரையில் தெரியாத ஒரு பால் வாசனையும் இருந்தது. அவர் அதற்கு ஷெட்டைச் சுற்றிக் காட்டினார். மேல் தட்டருகே அதை உயரத் தூக்கிப் பிடித்து, “இது அ” என்று அட்டையைக் காட்டினார். பேத்தி அதை மிகவும் கவனமாகப் பார்த்தாள். பிறகு எட்டிப் பிடுங்கி, அப்படியே வாயில் திணித்துக்கொண்டாள்.

“அப்பா, அத வாயிலருந்து எடுங்க.”

எடுத்தார். அட்டை நைந்துபோயிருந்தது, எழுத்தில் பாதியைக் காணவில்லை. ஓர் அட்டை அரை விரற்கடை சாய்ந்திருந்தாலும் பொறுக்காத மனுஷர், அந்த ஈர அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேத்தியின் கன்னத்தைத் துடைத்தார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் ‘அ’ அட்டை இருந்த இடம் வெறுமையாகவே இருந்தது. போர்டுப் பல்லை இறுக்கிவிட்டு ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த பல் டாக்டர் அதைக் கவனித்துவிட்டார்.

“சார், உங்க போர்டுலயும் ஒரு பல்லு போயிடுச்சு போலிருக்கே. புதுசு வெக்கலயா?”

“அங்க என்ன இருந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும் டாக்டர்” என்றார் அகராதி சார். “ஏணிய ‘ம’ல வெச்சுடுங்க.”